ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றும் குருதியில் பாக்டீரியாவும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது சங்கிலிபோல் கோத்து நிற்கும் உருண்டை வடிவப் பாக்டீரியாக்களின் பேரினம். 1874-இல் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் இப்பெயரை இட்டார். இதன் பல இனங்கள் மனிதரின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்கின்றன. மிகுந்த தொல்லை தருவது ‘ஏ’ பிரிவைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். தொண்டை அழற்சி, தோலில் சீழ்க்கொப்புளம், காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவை இதனால் வருபவை.

தொண்டைத் தொற்று இருமல், தும்மல் துளிகள் வழியாகப் பரவுகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் படைத்தளத்தில் 1949 முதல் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. படைவீரர்களின் கட்டில்கள் நெருங்க நெருங்கத் தொற்று கூடியது. போர்வையிலும் தூசியிலும் கிடந்த பாக்டீரியாவோ நோயை உண்டாக்கவில்லை. மருந்து பெறாதவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு வாதக் காய்ச்சல் வந்தது. பென்சிலின் பெற்றவர்களிடம் அது பெரிதும் குறைந்தது.

தமிழ்நாட்டில் இளந்தொழிலாளர்கள் சேர்ந்து வாழும் இடங்களுக்கும் இது பொருந்தும். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பு 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. ஓர் அறைக்கு ஆறு பேர். சேர்ந்து தங்கினாலே நோய் வரும் என்பதில்லை. ஆனால் ஒருவருக்குத் தொண்டை வலியுடன் கடும் காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டும் இருந்து, இருமலும் சளியும் இல்லாவிட்டால், அவர் மருத்துவரிடம் போவது அறையில் உள்ள மற்றவர்களுக்கும் நல்லது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை.

பாக்டீரியா குருதியில் நுழைவது ‘பாக்டீரீமியா’ எனப்படும். பல் பிடுங்கும்போதுகூட வாயிலுள்ள சில பாக்டீரியாக்கள் குருதிக்குள் போகும். உடல் அவற்றைச் சிறிது நேரத்தில் அழித்துவிடும். வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களிடம் அவை வால்வில் ஒட்டி வளரக்கூடும். நுரையீரல், தோல் அல்லது காயத்திலிருந்து தொற்று மிகுந்து குருதியில் கலந்து, உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டினால் அது செப்சிஸ் ஆகிறது. குளிர் நடுக்கம், வேகமான மூச்சு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், காயத்தின் தோற்றத்தை மிஞ்சிய வலி ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குருதியில் எந்தக் கிருமி உள்ளது என்பதை அறியக் குருதி வளர்ப்புச் சோதனை செய்வர். நோயாளியின் குருதியை ஊட்டக் கரைசலில் இட்டு, பொதுவாக ஐந்து நாள் வரை கவனிப்பார்கள். கூடுமானவரை முதல் ஆன்டிபயாட்டிக் செலுத்துமுன்னரே குருதி எடுக்கப்படவேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி இரண்டு மாத்திரை விழுங்கியவரின் குருதியில் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். பிறகு மருத்துவர் ஊகத்தின் பேரில்தான் மருந்து தர நேரும்.

‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராகப் பென்சிலின் இன்றும் வேலை செய்கிறது. தொண்டைத் தொற்றுக்கு வாய்வழி பென்சிலின் 10 நாள் தரப்படுகிறது. மூன்றாம் நாளே வலி போய்விடுவதால் பலர் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடவேண்டியிருக்கும். வேலைக்காக ஊர் மாறும்போது தவறிப்போவது பெரும்பாலும் இந்த ஊசிதான். ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோனால் புதிய ஊரில் உள்ள மருத்துவமனையில் தொடரலாம்.