முறிந்த தண்டும் முளைக்கும் உயிரும்

சாடியில் வளரும் செவ்வரத்தையொன்றின் தண்டு காற்றினாலோ சிறுவர் கைபட்டோ முறிந்துவிடின், வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்வர். முறிந்த பகுதியைப் பிய்த்தெறிவர். அன்றேல் நூலால் இறுகக் கட்டி, நாள்தோறும் நீரை மிகுதியாக வார்ப்பர். முன்னையது காக்கத்தக்கதைக் கைவிடுதல். பின்னையது காக்க முயன்றே அழித்தல். முறிவின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப விரைந்து செயலாற்றுவதே செடியைக் காக்கும் வழியாகும்.

செவ்வரத்தை, ரோசா முதலிய இருவித்திலைத் தாவரங்களின் தண்டிலே உட்புறமாகக் காழும் வெளிப்புறமாக உரியமும் அமைந்துள்ளன. வேர் உறிஞ்சும் நீரைக் காழ் மேலே கொண்டு செல்கின்றது. இலைகள் ஆக்கும் உணவை உரியம் ஏனைய உறுப்புக்களுக்கு எடுத்துச் செல்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே மெல்லிய ஏடுபோல் அமைந்திருப்பது மாறிழையம். புதிய கலங்களைத் தோற்றுவிக்கும் ஆற்றல் இதற்குண்டு. முறிந்த முகங்கள் நன்கு பொருந்தியிருப்பின், காயத்தின் அயலிலுள்ள கலங்கள் பெருகி மென்மையான திரளாகி இடைவெளியை நிரப்பும். பின்னர் அத்திரளினூடே மாறிழையம் மாறிழையத்தோடு இணைய, அறுந்த வழிகள் புதுப்பிக்கப்பெறும். ஒட்டுமாங்கன்று உண்டாக்குவோர் பயன்படுத்துவதும் இவ்வியல்பையே.

எனவே, தண்டு முற்றாக அறாது, பட்டையும் ஒருபகுதிக் காழும் தொடர்புற்றிருந்தால், காயம் உலருமுன் அதனை மெல்ல நிமிர்த்திப் பழைய நிலையிற் பொருத்துதல் வேண்டும். பக்கத்தே சிறு குச்சியொன்றை ஊன்றி, முறிவின் மேலும் கீழும் அசைவறக் கட்டி, முறிவைச் சுற்றி மெல்லிய பொலித்தீன் நாடாவைச் சுற்றலாம். கட்டு மிக இறுகினால் தண்டு பருக்கும்போது அதனை நெரித்துவிடும். நீர்வழி குறுகியுள்ளமையால் இலைகளிற் சிலவற்றை நீக்கி, செடியை நிழலில் வைத்தல் நன்று. இலைகள் அனைத்தையும் நீக்கலாகாது. காயத்தை ஆற்றுதற்கு வேண்டிய உணவை ஆக்குவன அவையே. மண் ஈரமாயிருத்தல் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

நிழலிலும் இலைகள் தொடர்ந்து வாடிவரின் அத்தண்டு பொருந்துதல் அரிது. அந்நிலையிலும், தண்டு முற்றாக அறுந்தவிடத்தும், காத்திருத்தல் தவறு. வாடி உலர்ந்த கிளை வேர்விடும் ஆற்றலை இழந்துவிடும். நசுங்கிய பகுதியை நீக்கி, 4 முதல் 6 அங்குல நீளமுள்ள துண்டொன்றைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டி, கீழிலைகளைக் களைந்து, ஈரமணலில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். மேலே பொலித்தீன் உறையொன்றைக் கவிழ்த்தால் ஆவியுயிர்ப்புக் குறையும். செவ்வரத்தைத் துண்டு ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களில் வேர்கொள்ளும். கோலியசு போன்ற மென்தண்டுச் செடிகள் வெறும் நீரிலேயே வேர்விடும். கள்ளி வகைகளையோ, வெட்டுமுகம் உலர்ந்து காயும்வரை சில நாள் வைத்திருந்து பின்னரே நடவேண்டும், அன்றேல் அழுகிவிடும்.

சாடியில் எஞ்சிய அடிக்கட்டையும் வீணன்று. நுனியரும்பு தோற்றுவிக்கும் ஓட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள், கீழேயுள்ள பக்கவரும்புகளை அடக்கி வைத்திருக்கும். நுனி நீங்கியதும் அவ்வடக்கமும் நீங்குகின்றது. உறங்கிய அரும்புகள் விழித்துக் கிளைக்கின்றன. ஆதலின் கட்டையைக் கணுவொன்றின் சற்று மேலே ஒழுங்காக வெட்டிவிடுதல் போதுமானது.

மணிப்பிளாண்ட் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் இத்தகைய மாறிழையம் இன்மையால், முறிவைக் கட்டிவைத்துப் பயனில்லை. எனினும் அதன் கணுக்களில் வேர் எளிதில் தோன்றுமாதலின், கணுவொன்றேனும் அமையும்படி வெட்டி நட்டாற் புதுக்கொடி உண்டாகும். கணுவற்ற துண்டு எத்துணை நாள் நீரிலிருப்பினும் கொடியாகாது.

தாவரத்தின் தனிக் கலமொன்றிலேயே முழுச் செடியாகும் ஆற்றல் அடங்கியுள்ளதென 1902 ஆம் ஆண்டில் ஆபலாந்து என்னும் அறிஞர் கருதினார். 1958 ஆம் ஆண்டில் தூவாட்டும் அவர்தம் குழுவினரும் கரற் கிழங்கின் கலங்களை வளர்த்து, அவற்றினின்று செடிகளை உண்டாக்கி அக்கருத்துக்கு வலுவூட்டினர். விலங்கின் துண்டிக்கப்பட்ட கால் தனித்து உயிர்வாழாது. செடியின் கிளையோ தானே மற்றொரு செடியாகின்றது. முறிவு செடிக்கு முடிவன்று. அதனை முடிவாக்குவது பெரும்பாலும் பார்த்திருப்போரின் தாமதமேயாம்.