ஒற்றைக்கண் அரக்கனை அசைத்த கைகள்

தினத்தந்தியில் கன்னித்தீவு படித்து வளர்ந்தவர்களுக்கு சிந்துபாத்தையும் உருவம் சுருங்கிப்போன அழகியையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1958-இல் வெளிவந்த ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாட்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதையும் அதே சாயலில்தான் போகிறது. இளவரசி பரிசாவை மந்திரவாதி சொகுரா சுருக்கிவிடுகிறான். அவளை மீட்க அரக்கர் தீவுக்குக் கப்பலேறுகிறான் சிந்துபாத். இயக்கியவர் நேதன் ஜூரான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துபவை ரே ஹாரிஹவுசன் கைப்பட அசைத்த பொம்மைகள்.

பொம்மைக்குள் உலோகச் சட்டம் இருக்கும். மூட்டுகள் நம் தோள்மூட்டைப் போலக் குழிக்குள் பொருந்திய குண்டுகள். எப்படித் திருப்பினாலும் வைத்த நிலையில் நிற்கும். மேலே ரப்பர் நுரையில் வார்த்த தோல். துளி நகர்த்தி ஒரு பிரேம், மறுபடி நகர்த்தி இன்னொரு பிரேம். திரையில் ஒரு நொடி ஓட 24 பிரேம்கள் வேண்டும்.

மனிதர்களோடு அவற்றைச் சேர்ப்பதுதான் பெரிய வித்தை. நடிகர்களை முதலில் ஸ்பெயினில் படம்பிடித்தார்கள். அந்தச் சுருளைப் பொம்மைக்குப் பின்னாலுள்ள சிறு திரையில் பிரேம் பிரேமாக விழவைத்தார் ஹாரிஹவுசன். முன்னால் தெரியவேண்டிய தரையையும் பாறையையும் கண்ணாடியில் கறுப்புப் பூசி மறைத்துக்கொண்டார். பிறகு கேமராவில் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியை மட்டும் அதன்மேல் பதிந்தார். பொம்மை காட்சிக்கு நடுவே நிற்பதாக நம் கண் நம்பிவிடும். இதற்கு டைனமேஷன் என்று பெயரிட்டார்கள்.

ஒற்றைக்கண் அரக்கனுக்கு ஆட்டுக்கால் வைத்தது அருமையான யோசனை. வேஷம் கட்டிய ஆள் என்று யாரும் நினைக்க முடியாது. பிடித்த மாலுமியைக் கம்பியில் கட்டி நெருப்பில் வாட்டும்போது அவன் நாக்கைச் சப்புக்கொட்டுவான். கதைக்கு அது தேவையே இல்லை; ஆனால் அந்த ஒரு அசைவில்தான் அவன் பாத்திரமாகிறான். ஹாரிஹவுசனைத் தொழில்நுட்பக் கலைஞர் என்பதைவிட நடிகர் என்றே நான் சொல்வேன்.

எலும்புக்கூட்டோடு நடக்கும் வாள்சண்டையில், சிந்துபாத்தாக நடித்த கெர்வின் மேத்யூஸ் வெறும் காற்றோடுதான் மோதினார். எதிர்வாள் வந்து தடுக்கவேண்டிய புள்ளியில், தடுக்க எதுவும் இல்லாமலே, வீசிய வாளைச் சட்டென்று நிறுத்தவேண்டும். வாள்பயிற்சி ஆசிரியரோடு பல முறை ஒத்திகை பார்த்த பிறகே அது சாத்தியமானது. அவர் நிறுத்திய பிரேமைக் கண்டுபிடித்து, அங்கே எலும்புக்கூட்டின் வாளைக் கொண்டுபோய் வைத்தார் ஹாரிஹவுசன்.

அதே எலும்புக்கூடு 1963-இல் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் இன்னும் ஆறு எலும்புக்கூடுகளோடு சேர்ந்து மூன்று வீரர்களை எதிர்த்தது. அந்தச் சண்டையை முடிக்க நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது. நாள் முழுக்க உழைத்தால் அரை நொடி அளவுக்குக் காட்சி தேறும்.