ஓராண்டின் விலை

ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேலே வருவதற்குத் தடையாக நிற்பவை பணமும் ஆங்கிலமும் பள்ளியின் தரமும்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கையைக் கூர்ந்து நோக்கினால், பலரும் கணக்கில் கொள்ளாத இன்னொரு தடை, அதாவது ஓராண்டு காத்திருக்க முடியாத நிலை, இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது புலப்படும்.

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டின் மதிப்பெண் அளவுகோலாவதற்கு முந்தைய 2016-17இல் இடம் பெற்றவர்களுள், முன்பே பிளஸ் டூ முடித்து மறுபடி முயன்றவர்கள், பேச்சு வழக்கில் 'ரிப்பீட்டர்கள்', 12.47 சதவீதமே இருந்தனர்; 2020-21இல் அவர்களின் பங்கு 71.42 சதவீதமானது என்று மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2021இல் கணக்குக் காட்டியது. இத்தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லாததால், காத்திருப்பதற்கான வசதியும் தகுதியின் ஒரு பகுதியாகிவிட்டது.

கோச்சிங் கட்டணத்தை நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம். பனியன் கம்பெனியில் சேர்ந்தால் சனிக்கிழமைதோறும் சம்பளம் கொண்டுவரக்கூடிய பதினெட்டு வயதுப் பிள்ளையை ஓராண்டு படிக்க விட்டால் வீடு இழக்கும் வருமானத்திற்கு அடகுக் கடையில் மாற்று இல்லை. பெண் பிள்ளையாக இருந்தாலோ, "சும்மாதானே இருக்கிறாள்" என்று உறவினர் தொடங்கும் பேச்சு வரன் பார்ப்பதில் போய் முடிகிறது.

நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு இருப்பது தனியார் கல்லூரிகளின் நன்கொடை வசூலுக்குக் கடிவாளமிடும் என்போரும் உண்டு. அதை முற்றிலும் மறுப்பதற்கில்லை; ஆனால் ஓராண்டு காத்திருக்க முடியாதவரின் தடையை அது நீக்குவதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை, அதாவது இருக்கும் இடங்களுக்குள்ளேயே ஒரு பங்கைத் தனியே பிரித்துத் தரும் முறையை, 2020இல் மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. அந்த முதல் ஆண்டிலேயே தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றிச் சிலர் விட்டுக்கொடுக்க நேர்ந்த பின்னர்தான் அச்செலவை அரசே ஏற்க முன்வந்தது என்பது, ஏழைமை எந்த வாசலில் மறிக்கும் என்பதை முன்கூட்டி அறிவது எத்தனை கடினம் என்பதைக் காட்டுகிறது. கட்டணச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தாலும், முதல் முறை எழுதுபவரையும் மறுமுறை எழுதுபவரையும் இவ்வொதுக்கீடு பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரே அரசுப் பள்ளியில் படித்து முதல் முயற்சியில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள், அண்ணன் சம்பாதிக்கும் வீட்டின் கடைக்குட்டி மறுபடி தேர்வெழுதப் போக, தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் கிடைத்த கல்லூரியிலோ கிடைத்த வேலையிலோ சேர்ந்துவிடுகிறார்.