சேருக்குக் கேட்கிறதா?

ஹந்தானை மலைத்தொடரின் மடிப்புகளில், தெல்தோட்டை, கலஹா பக்கத் தோட்டங்களில், சூம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு முறைப்பாடு உண்டு. சேர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசினால்தான் அவருக்கு விளங்குவதில்லை. ஃபோன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதியது கேட்டு வீட்டில் நச்சரிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் ஃபோனில் பிழையில்லை. வரும் வழியும் போகும் வழியும் சமமாக இல்லை, அவ்வளவுதான்.

தொலைபேசிக் கோபுரம் பல பத்து வாட் வலுவோடு அலைகளை அனுப்புகிறது. நம் கையிலுள்ள 4ஜி ஃபோனின் உச்ச வலுவோ ஏறத்தாழ 0.2 வாட். கோயில் ஒலிபெருக்கிக்கு வெறும் வாயால் பதில் சொல்வது மாதிரி. கோபுரத்தின் அன்டெனா மெல்லிய அலையையும் பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. இடையில் ஒரு மலை முகடு குறுக்கிட்டால் முதலில் அறுவது நாம் அனுப்பும் பக்கம்தான். கண்டி நகரமே மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் கிடைக்கும் சிக்னல் பின்கட்டில் கிடைக்காது. ஜன்னலோரம் போய் உட்கார்வது சும்மா பழக்கமல்ல, பயனுள்ள வேலை.

அனுப்பியது எங்கே போகிறது? முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் நேரடியாகப் படம் அனுப்புவதானால் 870 ஓடைகள் வேண்டும். எந்த ஃபோனும் தாங்காது. அதனால் நடுவில் ஒரு சேர்வர் இருக்கிறது. நாம் அதற்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். யாருக்கு எது தேவை, யாருடைய இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அது பிரித்து அனுப்பும். சேரின் முகம் ஒருவருக்குத் துல்லியமாகவும் இன்னொருவருக்கு மங்கலாகவும் தெரிவது இதனால்தான்.

குரலுக்குத் தேவை மிகக் கொஞ்சம். நொடிக்கு 40 கிலோபிட் இருந்தால் தெளிவாகப் பேசலாம். ஒரு மணித்தியாலத்துக்கு 18 எம்பி. முகத்தைக் காட்ட 600 கிலோபிட் என்று வைத்தால் 270 எம்பி. ஆகவே சிக்னல் மெலிந்த இடத்தில் கெமராவை மூடி மைக்கைக் காப்பாற்றுவதே புத்தி. எல்லோரும் கெமராவைப் போடுங்கள் என்று கட்டாயப்படுத்தும் ஆசிரியர்கள் மலையகத்தில் வகுப்பு எடுக்கும்போது இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

இன்னொன்று தாமதம். குரல் பொதுவாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகிறது. துண்டுகள் முன்பின்னாக வந்து சேரும் என்பதால், பெறும் ஃபோன் சற்றுப் பொறுத்து, வரிசைப்படுத்தி ஒலிக்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க நாம் எடுப்பது சராசரியாக 200 மில்லிசெக்கன். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு அப்படித்தான் கண்டது. இணைய வகுப்பில் அந்த இடைவெளி குலைகிறது. சேர் “விளங்குதா பிள்ளைகள்?” என்று கேட்டு இரண்டு செக்கனில் அடுத்த பாடத்துக்குத் தாவுகிறார். அதற்குள் கேள்வி வந்து சேர்ந்து, மாணவர் ம்யூட்டை எடுத்து, பதில் திரும்பிப் போக வேண்டும். வகுப்பு மௌனமாக இருந்தது என்று பிறகு குறைப்படுகிறார்கள். அஞ்சு வரை எண்ணிவிட்டுத் தொடர்ந்தால் அந்த மௌனத்தில் பாதி கலைந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பேராதனையில் இயங்கும் லேர்ன் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புதான் அவற்றுக்குச் சூம் வசதியை ஒழுங்குசெய்தது. தொலைபேசி நிறுவனங்களும் அந்த மாணவர்களிடம் அதற்கான டேட்டாவுக்குப் பணம் எடுக்காமல் விட்டன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 2021இல் ஊவாவின் போகிதியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் படித்தார்கள்; லுணுகலைப் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய குடிலுக்குப் போனார்கள். நாட்டின் 43 லட்சம் மாணவர்களில் நாற்பது சதவீதமானோர்தான் இணைய வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது.

இவ்வளவு பாடுபட்டு நேரலைக்கு வருபவர் அங்கே வாய்மூடிக் கேட்டுவிட்டுப் போனால், அவருக்குக் கிடைத்தது ஒரு பதிவு மட்டுமே. பதிவை இரவு டேட்டாவில் இறக்கி, விளங்காத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்; கேட்பதற்கு அதுவே மேல். நேரலையில் மட்டும் கிடைப்பது திரும்பிப் போகும் அந்த மெல்லிய வழி. அதை நிரப்ப ஆயத்தம் வேண்டும். முதல் நாளே பாடத்தைப் புரட்டி இரண்டு கேள்விகளைக் கொப்பியில் எழுதிவைத்தால், ம்யூட்டை எடுக்கும்போது தடுமாற்றம் இருக்காது. குரல் அறுந்தால் சட் பெட்டியில் எழுதுங்கள். எழுத்துக்கு இருப்பதிலேயே குறைந்த டேட்டா போதும். வழியில் தொலைந்தாலும் செயலி மறுபடி அனுப்பிவிடும். தாமதமாக வந்த குரலை அப்படி மீட்க முடியாது. லயத்து அறையில் அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பில் இருந்தால் ஒரு ஃபோனையே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ஃபோனின் ஒலியை மற்றதன் மைக் பிடித்து வீறிட்டால், முப்பது பேரும் காதைப் பொத்த வேண்டிவரும்.

கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியது, வகுப்பில் எத்தனை பேர் என்பதுதான். அறுநூறு பேரைச் சேர்த்து, எல்லோரையும் ம்யூட்டில் வைத்து நடத்தும் டியூஷன் பெயருக்குத்தான் நேரலை. முப்பது பேர் இருக்கும் ஒரு மணித்தியால வகுப்பில், சேர் பாதி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டால் ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அறுநூறு பேருக்கு அதைப் பிரித்தால் மூன்று செக்கன், “சேர், கேட்கிறதா?” என்று கேட்கத்தான் காணும்.