பாகப்பிரிவினையும் பள்ளிக் கணக்கும்

ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடுமென்று முன்னோர் பலர் அஞ்சிய காலத்தில்தான் அறிஞர் சித்திலெப்பை முதலானோர் முயன்று, 1892இல் கொழும்பு மருதானையில் பள்ளி கண்டனர். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. இன்றைய அச்சமோ வேறு. டியூஷனுக்கு நேரமில்லையென்று பிள்ளையை மக்தபிலிருந்து நிறுத்திவிடுகிறீர்கள். மக்தபுகள் பலவற்றின் பாடமுறையும் அதற்குக் காரணமே. ஜகாத் நாற்பதில் ஒரு பங்கென்று பிள்ளை ஒப்பிக்கிறான்; 4,00,000 ரூபாய்க்கு 10,000 என்று போடத் தெரியாமல் விழிக்கிறான். பிள்ளைகளை விட்டு ஒருவர் மவுத்தானால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. மீதி 17/24 எப்படி வந்தது? பின்னம் அறியாமல் இப்பாடத்தை நடத்த இயலுமா? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மீ எழுதிய அல்ஜப்ரு நூலிலேயே கணிசமான பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகள்தாம்! (கைப்பேசி விடையைச் சொல்லிவிடும், சரிபார்க்க ஆள் வேண்டாமா?) பள்ளி ஆசிரியரும் உஸ்தாதும் அமர்ந்து இரு பாடங்களையும் இணைக்கட்டும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் நீங்களே இதைக் கேளுங்கள்.