சரிவு நிலத்தில் இரண்டு தட்டு முற்றம்: திட்டமும் செலவும்



மழைக்காலம் முடிந்ததும் நமது அலுவலகத்துக்கு வரும் உதவி மனுக்களில் "தடுப்புச் சுவர் விழுந்துவிட்டது" என்ற மனு தவறாமல் இருக்கும். சில வருடங்களுக்கு முன் வந்த ஒன்றை நான் மறக்கவில்லை. மகளின் நிக்காஹுக்குப் பந்தல் போட இடம் வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் ஆறடி உயரத்துக்கு ஒரே சுவர் எழுப்பி, மண் கொட்டி மட்டமாக்கி, டைல்ஸ் பதித்திருந்தார் ஒரு சகோதரர். ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு, அந்தச் சுவர் கீழ்வீட்டுச் சமையலறை மேல் சரிந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த வருடம் மனு கொடுத்தவர்கள் இருவர்: சுவர் கட்டியவர் ஒருவர், கீழ்வீட்டுக்காரர் ஒருவர்.

கொடைக்கானலிலும் சுற்றுக் கிராமங்களிலும் நாலு பேர் உட்கார, துணி காயவைக்க, பிள்ளைகள் விளையாட மட்டமான இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதைச் சரியாகத் திட்டமிட்டால் ஆபத்தும் குறையும், செலவும் குறையும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளைகிற அந்தச் சரிவை யாரும் ஒரே மட்டமாக்க முயலவில்லை. சிறு சிறு தட்டுகளாகப் பிரித்தார்கள். நாமும் அதையே செய்வோம்.

முதலில் அளவு

கையில் தேவை ஒரு டேப்பும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபும், இரண்டு குச்சிகளும்தான். வீட்டுச் சுவர் ஓரம் ஒரு குச்சி, தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு குச்சி நட்டு, டியூபில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை இரண்டிலும் குறியுங்கள். குறியிலிருந்து தரை வரை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சரிவு.

உதாரணத்துக்கு, வீட்டிலிருந்து கீழ்நோக்கி 24 அடி நீளம், 20 அடி அகலம், மொத்தச் சரிவு 6 அடி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே தட்டாக நிரப்பினால் கீழ்க்கோடியில் 6 அடிச் சுவர் வேண்டும். நிரப்பு மண் 1,440 கன அடி, அதாவது 14 யூனிட்டுக்கு மேல். கருங்கல் கட்டு, கடைக்கால் சேர்த்து, சுமார் 340 கன அடி.

12 அடிக்கு ஒன்றாக இரண்டு தட்டு செய்தால், 3 அடிச் சுவர்கள் இரண்டு போதும். மண் 720 கன அடி, சரிபாதி. கல் கட்டு சுமார் 240 கன அடி. பக்கவாட்டில் கட்டவேண்டிய சுவரின் பரப்பும் பாதியாகிறது.

செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுவரைத் தள்ளும் மண்ணின் விசை உயரத்தோடு சமமாக ஏறுவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் பலம் எட்டு மடங்கு. ஆறடிச் சுவரை "இன்னும் மூணு அடிதானே" என்று மேஸ்திரி சொன்னால், இந்தக் கணக்கை அவருக்கு நினைவூட்டுங்கள். நாலு அடிக்கு மேல் உயரும் எந்தச் சுவருக்கும் பொறியாளரின் வரைபடம் வாங்காமல் வேலை தொடங்க வேண்டாம்.

சுவர்

மூன்றடிச் சுவருக்குக் கடைக்கால் கொட்டிய மண்ணில் அல்ல, கெட்டியான பழைய மண்ணில் ஓரடியாவது இறங்க வேண்டும். அடியில் 2 அடி அகலம், மேலே 1 அடி. முகம் சற்றே உள்பக்கம் சாய்ந்திருக்கட்டும். மேல்தட்டைத் தாங்கும் சுவர், கீழ்ச்சுவரிலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 12 அடி இருப்பதால் கவலையில்லை.

மண்ணை ஒரே நாளில் கொட்டி மூடாமல், அரை அடி அரை அடியாகப் பரப்பித் திமிசு போடுங்கள். நிரப்பு மண் வேண்டும் என்று வீட்டின் கடைக்கால் ஓரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

தண்ணீர்

மலையில் சுவர்கள் பெரும்பாலும் விழுவது பின்னால் தேங்கும் தண்ணீரால். தண்ணீர் வெளியேறாமல் நின்றால் சுவரின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, கீழ்மட்டத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை வடிகாலாக வையுங்கள்.

நம் 480 சதுர அடி முற்றத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 1,130 லிட்டர். அது எங்கே போகும் என்பதைச் சுவர் எழுப்பும் முன் முடிவு செய்யுங்கள். தளத்துக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்து, பக்கவாட்டு வாய்க்கால் வழியாகப் பொது வடிகாலில் சேருங்கள். சுவருக்குப் பின்னால் உறிஞ்சுகுழி கூடாது. கீழ்வீட்டுக் கூரையில் நம் தண்ணீர் விழக்கூடாது. அது அண்டை வீட்டாரின் ஹக்.

வீட்டுப் பெரியவர்கள்

மேல்தட்டை வீட்டு வாசல் மட்டத்துக்கே வையுங்கள். 3 அடி இறங்கச் சாய்தளம் போடுவதானால் 36 அடி நீளம் வேண்டும். நம் தோட்டத்தில் இடமில்லை. மேல்தட்டு வாசலோடு சமமாக இருந்தால், முழங்கால் வலி உள்ள உம்மாவும், சக்கர நாற்காலியில் இருக்கும் வாப்பாவும் படி இறங்காமல் வெயில் காயலாம். கீழ்த்தட்டுக்கு அரையடி உயரத்தில் ஆறு படிகள், ஒரு பக்கம் கைப்பிடி, தட்டின் விளிம்பில் கம்பித் தடுப்பு. இவை அலங்காரம் அல்ல, அவசியம்.

பணம்

மலையில் மதிப்பீடு தவறும் இடம் ஏற்றுக்கூலி. சிமெண்டும் மணலும் கம்பியும் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையேறி வர வேண்டும். பிறகு லாரி போகாத சந்தில் தலைச்சுமையாக இறங்க வேண்டும். எனவே கடைவிலையைக் கேட்காதீர்கள். "எங்கள் முற்றத்தில் இறக்கித் தர எவ்வளவு" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கையில் உள்ள நூறு ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: சுவர், மண், வடிகாலுக்கு 60, படிக்கும் கைப்பிடிக்கும் 15, தளத்துக்கு 10, எதிர்பாராத செலவுக்கு 15. அறுபது ரூபாய் வேலை கண்ணுக்குத் தெரியாது. அதில் மிச்சம் பிடித்து டைல்ஸுக்குப் போடுவதுதான் உண்மையான வீண்விரயம்.

டைல்ஸை முதல் வருடம் நினைக்கவே வேண்டாம். கொட்டிய மண் ஒரு மழைக்காலம் அமுங்கித்தான் தீரும். அதன் மேல் பதித்தது பிளக்கும். வாட்டம் கொடுத்து ஜல்லி பரப்பி விடுங்கள். மறுவருடம் சொரசொரப்பான கல் போடுங்கள். பனியிலும் பாசியிலும் வழவழப்பான டைல்ஸ் வழுக்கும்.

இரண்டு தட்டையும் ஒரே சமயத்தில் செய்வதானால் கீழ்ச்சுவரை முதலில் கட்டுங்கள். பணம் போதவில்லையா? மேல்தட்டையும் வடிகாலையும் மட்டும் இந்த வருடம் முடியுங்கள். கீழ்ச்சரிவில் புல் வளர்த்து அப்படியே விடுங்கள். அடுத்த வருடம் பார்க்கலாம். இதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம். முற்றம் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது.

காலமும் அனுமதியும்

வேலைக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசலால் லாரியும் ஆளும் கிடைப்பது கடினம். குளிரில் சிமெண்ட் மெதுவாகவே இறுகும். கட்டிய சுவரைப் பத்து நாளாவது நனைத்து வையுங்கள்.

மலைப்பகுதியில் கட்டவும் மண் வெட்டவும் தனி விதிகள் உண்டு. சில கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் கேளுங்கள். ஜேசிபி வரவழைக்கும் முன் கண்டிப்பாகக் கேளுங்கள்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்முடையதும் மலைதான். சுவர் கட்டும் முன் ஒருமுறை கீழ்வீட்டுக்குப் போய், அங்கிருந்து நம் தோட்டத்தை அண்ணாந்து பாருங்கள். எந்த வேலைக்கு முதலில் பணம் போட வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்