உற்பத்தி நாள் எது?

ஆப்பிரிக்காவிலே சுரங்க உரிமம் பெற்ற சின்னஞ்சிறு கம்பெனி ஒன்று, “விரைவில் உற்பத்தி!” என்று அறிக்கை விடுகிறது. உடனே லண்டன் பங்குச் சந்தை நிமிர்ந்து பார்க்கிறது. டொராண்டோ காது கொடுக்கிறது. ஆனால் எந்த மண்ணைத் தோண்டப் போகிறார்களோ, அந்த மண்ணிலே குடிசை போட்டு வாழ்பவன் என்ன கேட்பான்? “என் நிலத்துக்கு விலை எந்நாள்? என் மகனுக்கு வேலை எந்நாள்?” என்றுதானே கேட்பான்!

காங்கோ நாட்டுக் கட்டாங்காவிலே செம்பு வெட்டினார்கள். வெட்டியவன் கறுப்பன், செழித்தது பெல்ஜியம்! உற்பத்தி நடந்தது, உண்மை. யாருக்காக நடந்தது என்பதே கேள்வி.

ஆப்பிரிக்கா எங்கே, விருத்தாசலம் எங்கே என்கிறீர்களா, தோழர்களே? பக்கத்திலேயே இருக்கிறது நெய்வேலி. அதன் கதையைச் சற்றே திருப்பிப் பார்ப்போம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திலே கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. பழுப்பு நிலக்கரி! அந்தச் செய்தி வளர்ந்து, 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றே கரி வந்துவிட்டதா? இல்லை! ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டும். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு பொங்கும் ஊற்று நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கும். ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்தன. சோவியத் உதவியோடு அனல் மின்நிலையம் எழுந்தது. 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பாய்ந்தது.

அகற்றிய மண்ணும் வெறும் மண்ணல்ல! அதிலே பீங்கானுக்கு உகந்த களிமண் உண்டு. நம் விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையிலே அத்தகைய களிமண்தான் அச்சில் ஏறி, சூளையில் வெந்து, பொம்மையாக, ஜாடியாக, பியூஸ் கேரியராக மாறுகிறது. பெரிய இயந்திரம் ஒதுக்கும் மண்ணைச் சிறிய கைகள் செல்வமாக்குகின்றன. ஆகவே நாம் சுரங்கத்துக்குப் பகைவர் அல்லர். சுரங்கம் இல்லையேல் நெய்வேலி நகரம் இல்லை; வீடுகளில் விளக்கு இல்லை; நம் சூளைகளுக்கும் வாட்டம்தான்!

நெய்வேலி தனியார் கம்பெனி அல்ல, பொதுத்துறை என்பதிலும் நமக்குப் பெருமை உண்டு. 2013-ல் மைய அரசு அதன் பங்குகளை விற்க முனைந்தபோது, தமிழக அரசின் நிறுவனங்களே அவற்றை வாங்கின. பெருமை பேசும் அதே வாயால் குறையையும் பேசுவோம். தன் வீட்டுக் கூரை ஒழுகினால் சொல்லாதவன் வீட்டுக்காரன் அல்ல, விருந்தாளி!

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலிலே இயந்திரங்கள் இறங்கின. “நிலம் முன்பே எடுக்கப்பட்டது” என்றது நிறுவனம். ஏட்டிலே நிலம் கைமாறியிருக்கலாம். வயலிலே நெல் நின்றதே! பயிருக்கு இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. நீதிமன்றம் சொன்ன பிறகா நெல்லின் விலை தெரிய வேண்டும்?

சுரங்கத்திலே வியர்வை சிந்தும் ஒப்பந்தத் தொழிலாளர் நிலை என்ன? நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கரி வெட்டும் கைக்கு நிரந்தரம் இல்லை; கரி எரிந்து வரும் மின்சாரத்துக்கு மட்டும் நிரந்தர வருமானமா?

எனவே நாம் கேட்பது இது. எந்தச் சுரங்கமானாலும், நெய்வேலியானாலும் ஆப்பிரிக்காவானாலும், உற்பத்தித் தேதியை அறிவிக்குமுன் மூன்று தேதிகளை அறிவியுங்கள்! நிலம் தந்தவன் கையில் முழுத் தொகை சேரும் நாள். அவன் வீட்டுப் பிள்ளைக்கு வேலை உத்தரவு வரும் நாள். கரி எடுத்த குழியை நிரப்பி, மீண்டும் ஏர் பூட்டும் நிலமாகத் திருப்பித் தரும் நாள்.

இம்மூன்றும் எழுத்திலே வரட்டும். ஊர்ச் சாவடியிலே, எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்படட்டும். அதன் பிறகு நான்காவது தேதியை, உற்பத்தி நாளை, அறிவியுங்கள். கொட்டு முழக்கத்தோடு நாமே வருவோம்!

தோழர்களே, சூளையில் வேகாத மண் நீர் பட்டால் கரையும் என்பதை விருத்தாசலத்தில் சிறுவனும் அறிவான். எழுத்தில் ஏறாத வாக்குறுதியும் அப்படித்தான். உங்கள் ஊருக்குச் சுரங்கம் வருகிறது என்று யாரேனும் வந்து சொன்னால், கைதட்டுமுன் கேளுங்கள்: “எங்கள் மூன்று தேதிகள் எங்கே?”